நினைவாற்றல் மாத்திரைக்கு முன் பி12 பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுமையில் மூளையைக் காக்கும் சத்துகள் பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஒரு வாரம் மஞ்சளிலுள்ள குர்க்குமின், அடுத்த வாரம் கோகோவிலுள்ள ஃபிளவனால், அதற்கடுத்து மீன் எண்ணெய். எழுதுகிறவர்கள் பொய் எழுதுவதில்லை. ஏதோ ஓர் ஆய்வு எங்கோ நடந்துதான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை காலம் கொடுத்தார்கள், முடிவில் எதை அளந்தார்கள் என்ற நான்கும் விட்டுப்போகின்றன. படித்தவர் மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கிவந்து பெற்றோருக்குக் கொடுக்கிறார். அந்தப் பெற்றோருக்கு உண்மையில் இருந்த குறை வேறாக இருக்கும். அது கவனிக்கப்படாமலே மாதங்கள் ஓடிவிடும். முதியோர் ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரிகிறவர்கள் என்ற முறையில் எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு சத்து உடலில் குறைந்திருக்கிறவருக்கு அதை நிரப்பினால் மூளைக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. போதுமான அளவு உள்ளவருக்கு அதையே மேலும் மேலும் கொடுத்தால் பலன் தெரிவதில்லை. சில சத்துகளில் கெடுதலே வருகிறது. இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் முடிவுகளில் பல பொருந்திவரும்.

முதலில் வைட்டமின் பி12. கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் முதுமையில் மறதி, தள்ளாட்டம், பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கக்கூடிய, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் இது முக்கியமானது. ஒரு நாளைக்குத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவு முதியவருக்கு ஏன் கிடைக்காமல் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும்தான் அதைப் பிரித்தெடுக்கும். வயதாக ஆக இரைப்பையின் உட்சவ்வு மெலிந்து பலருக்கு அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளும் அமிலத்தைக் குறைக்கின்றன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து எடுக்கும் முதியவர், நல்ல உணவு சாப்பிட்டாலும் பி12 குறைந்துபோகலாம். தாவர உணவில் இந்தச் சத்து இயல்பாகக் கிடையாது என்பதால் பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஸ்பைருலினா போன்ற பாசிப் பொடிகளில் பி12 இருப்பதாக உறையில் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதை நம்பி இருக்கக் கூடாது.

கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு உள்ளதால் குறை மெதுவாகத்தான் வெளிப்படும். ரத்தசோகை வந்த பிறகுதான் பி12 பார்க்க வேண்டும் என்று நினைப்பது தவறு. ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படலாம். அதனால்தான் "ஹீமோகுளோபின் நார்மல்" என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாகிவிடக் கூடாது என்கிறோம்.

பரிசோதனையிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்றே எடுத்துக்கொள்ளலாம். சில லேப்கள் லிட்டருக்கு பிகோமோல் என்ற அளவில் தரும். அதில் சுமார் 148 என்பதும் இதே அளவுதான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்தவர்களும் உண்டு. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி. அறிகுறி இருந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் பொருள்களான மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் அளவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்துகொண்டே இருக்கும், எண் பொய்யாக உயர்ந்துவிடும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும் இந்த எண் உயரும். ஆகவே கிரியாட்டினினோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பயோட்டின். முடி வளர, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளிலும், சில நினைவாற்றல் மாத்திரைகளிலும் பயோட்டின் அதிக அளவில் இருக்கிறது. சில லேப் கருவிகள் பி12 அளக்கும் முறையில் அது குறுக்கிட்டு, குறைந்திருக்கும் பி12-ஐ நார்மல் என்று காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று லேபில் சொல்லி, பயோட்டினை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

குறை உறுதியானால் சிகிச்சை கடினமல்ல. வாய்வழியாக தினமும் 1000 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. தேவை 2.4 தானே, ஏன் ஆயிரம் என்று கேட்பார்கள். உறிஞ்சும் இயல்பான வழி கெட்டுப்போன குடலிலும், கொடுத்ததில் ஏறத்தாழ 1 சதவீதம் தானாகவே உள்ளே கசியும். ஆயிரத்தில் ஒரு சதவீதம் 10 மைக்ரோகிராம். அது தேவையைத் தாண்டியது. மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டாதது என்பதால் அமிலம் குறைந்தவருக்கும் உதவும். நடை தடுமாறுவது, குழப்பம் போன்ற தீவிர நரம்பு அறிகுறிகள் இருந்தால் ஊசியில்தான் தொடங்க வேண்டும். அதை மருத்துவர் முடிவுசெய்வார். ரத்த அணுக்கள் ஓரிரு மாதத்தில் தேறிவிடும். நரம்பு தேற ஆறு மாதம்வரைகூட ஆகலாம். நெடுநாள் கவனிக்காமல் விட்ட பாதிப்பு முழுதாகத் திரும்பாது. சீக்கிரம் பாருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். வெளியே எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரியும். அடுத்தது, மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே குறைவாக உள்ள முதியவர் அறுவைசிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் திடீரென்று நடை தளர்ந்து, குழம்பிப்போனால் "வயசாகிவிட்டது, ஆபரேஷன் அதிர்ச்சி" என்று விட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

இதே பி வைட்டமின்கள் மூளை சுருங்குவதை மெதுவாக்குமா என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்து, 2010-ல் முடிவு வெளியானது. 70 வயதைக் கடந்த, லேசான நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் ஃபோலிக் அமிலம் 0.8 மில்லிகிராம், பி12 0.5 மில்லிகிராம், பி6 20 மில்லிகிராம். மறுபிரிவுக்கு, ஒப்பிடுவதற்காக, மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டுகள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்தபோது வெற்று மாத்திரை எடுத்தவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 சதவீதம் சுருங்கியது. வைட்டமின் எடுத்தவர்களுக்கு 0.76 சதவீதம். தொடக்கத்தில் ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 13 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: சுருக்கம் 53 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பி காம்ப்ளெக்ஸ் வாங்கப் போனால் அது தவறான பாடம். 2014-ல் 11 ஆய்வுகளையும் 22,000 பேரையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பில், ஹோமோசிஸ்டீனைக் குறைத்ததால் அறிவுத்திறனில் பலன் எதுவும் தெரியவில்லை. காரணம் அந்த 22,000 பேரில் பெரும்பாலானோர் சத்துக்குறையோ நினைவுத் தடுமாற்றமோ பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்பதே எங்கள் கணிப்பு. குறையே இல்லாதவரிடம் நிரப்புவதற்கு என்ன இருக்கிறது? அதிக அளவு தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிறுநீரகம் மேலும் வேகமாகக் கெட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின. பி6-ஐ நெடுநாள் அதிகமாக எடுத்தால் அதுவே பாதத்தில் மதமதப்பை உண்டாக்கும். பி12 குறைவு என்று நினைத்து பி காம்ப்ளெக்ஸைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு, மருந்தே நோயின் வேடத்தில் வந்து நிற்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பி6-க்கு வைத்த உச்ச வரம்பு நாளுக்கு 12 மில்லிகிராம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளின் உறையையும் எடுத்து பி6 அளவைக் கூட்டிப் பாருங்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வில் பின்னர் வெளிவந்த ஒரு தகவல் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ரத்தத்தில் ஒமேகா-3 நல்ல அளவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் பி வைட்டமின்கள் மூளைச் சுருக்கத்தைக் குறைத்தன. ஒமேகா-3 குறைந்தவர்களுக்கு அதே மாத்திரை, அதே இரண்டு ஆண்டு, பலன் இல்லை. மூளைச் செல்லின் சவ்வில் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பைப் பொருத்தும் வேதிவினைக்கு பி வைட்டமின்களின் சங்கிலி தேவைப்படுகிறது, பொருத்துவதற்கு டி.எச்.ஏ.வும் தேவைப்படுகிறது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று விளக்கம் தருகிறார்கள். ஒரே ஒரு சத்தைத் தனியாகப் பிரித்துக் கொண்டாடும் கட்டுரைகள் இதைத்தான் தவறவிடுகின்றன.

டி.எச்.ஏ.வைத் தனியாகக் கொடுத்த ஆய்வுகள் ஏமாற்றமே தந்தன. அல்சைமர் நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ள 402 பேருக்குத் தினமும் 2 கிராம் வீதம் 18 மாதம் கொடுத்து 2010-ல் வெளியிட்ட முடிவில், நோயின் வேகம் குறையவில்லை. நோய் முற்றிய பிறகு கொடுப்பது காலம் கடந்ததாக இருக்கலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு முறை கொழுப்பு மிகுந்த சிறு மீன்கள் போதும். ஆனால் எண்ணெயில் மூழ்கப் பொரித்த மீனில் அதே நன்மை காணப்படவில்லை. குழம்பாகவோ ஆவியிலோ வேகவைப்பது நல்லது. பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றைக் குறைக்க வேண்டும். மீன் சாப்பிடாதவர்கள் ஆளி விதையை நம்புகிறார்கள். அதில் உள்ள ஒமேகா-3 வேறு வகை, உடல் அதை டி.எச்.ஏ.வாக மாற்றுவது மிகச் சொற்பம். மீன்களுக்கே டி.எச்.ஏ. கிடைப்பது நுண்பாசியிலிருந்துதான், எனவே பாசி எண்ணெய் கேப்சூல் நேரடி வழி. "மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம்" என்று போட்ட சாதாரண கேப்சூலில் பெரும்பாலும் இ.பி.ஏ. என்ற மற்றொரு ஒமேகா-3 180, டி.எச்.ஏ. 120 மில்லிகிராம்தான் இருக்கும். முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். ஒரு கேப்சூலை வெட்டி முகர்ந்துபாருங்கள். கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை அடித்தால் அந்த டப்பா குப்பைக்கு. நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுப்பதில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபாயம் கூடுவதால், இதய நோய் உள்ளவர்கள் தாமாக எடுக்கக் கூடாது.

கோகோ ஃபிளவனால் செய்திகள் 2023-ல் உலகம் முழுக்க வந்தன. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் பங்கேற்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. 3,562 பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நினைவாற்றலில் உறுதியான வித்தியாசம் இல்லை. உணவின் தரம் குறைவாகவும், தொடக்கத்தில் ஃபிளவனால் உட்கொள்வது குறைவாகவும் இருந்தவர்களிடம்தான் நினைவாற்றல் கூடியது. அதே பெரிய ஆய்வின் இன்னொரு பகுதியில், 2,262 பேரிடம், கோகோவால் பலன் இல்லை. செய்தித் தலைப்போ "சாக்லேட் நினைவாற்றலைக் கூட்டும்" என்று வந்தது. ஆய்வுக்குச் சாக்லேட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் நிதி அளித்தது என்பதைப் பல செய்திகள் சொல்லவே இல்லை. எங்கள் பார்வையில் இதுவும் குறை நிரப்பிய கதைதான்.

சாக்லேட்டில் அந்த 500 மில்லிகிராமைத் தேடுவது வீண். கோகோவின் கசப்பைக் குறைக்கக் காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்துவார்கள்; நன்றாகக் காரமூட்டிய கோகோ பொடியில், மூட்டாத பொடியில் உள்ள ஃபிளவனாலில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். கறுத்த நிறமும் கசப்பில்லாத சுவையும் அதற்கு அடையாளம். "70 சதவீதம் கோகோ" என்ற எண் ஃபிளவனால் அளவைச் சொல்வதே இல்லை. தேநீர், ஆப்பிள், பெர்ரிப் பழங்கள், திராட்சை ஆகியவற்றில் சர்க்கரைச் சுமையில்லாமல் இதே குடும்பத்துச் சத்து கிடைக்கும். பழத்தைத் தோலோடு சாப்பிட வேண்டும். இவற்றை வாழைப்பழத்தோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் வாழைப்பழத்தில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஃபிளவனாலைச் சிதைத்துவிடும். நறுக்கிய பழத்தைப் பழுப்பாக்குவதும் அதே நொதிதான். 2023-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ரத்தத்தில் சேர்ந்த உச்ச அளவு இதனால் 84 சதவீதம் குறைந்தது. வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடுவதில் தவறில்லை, ஒரே ஜாரில் அடிக்காமல் இருந்தால் போதும்.

அந்த அமெரிக்க ஆய்வில் உண்மையில் கவனிக்க வேண்டியது, சாதாரண மல்டிவிட்டமின் பிரிவு. மூன்று துணை ஆய்வுகளையும் சேர்த்து 2024-ல் வெளியிட்ட கணக்கில், தினம் ஒரு மல்டிவிட்டமின் எடுத்தவர்களின் அறிவுத்திறன், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சுமார் இரண்டு வயது இளையவர்களுடையதைப் போல் இருந்தது. வித்தியாசம் சிறிதுதான், டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) வராமல் தடுக்கும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் விலையுயர்ந்த "மூளை" மாத்திரைகளுக்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது.

குர்க்குமினுக்கு வருவோம். மஞ்சள் பொடியில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தட்டைத் தேக்கரண்டி, அதாவது 3 கிராம் பொடியில் 90 மில்லிகிராம். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2018-ம் ஆண்டின் கலிஃபோர்னியா ஆய்வில் தினமும் இரண்டு முறை 90 மில்லிகிராம் கொடுத்தார்கள். எண்ணைப் பார்த்து "இரண்டு ஸ்பூன் மஞ்சள்தானே" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் கொடுத்தது எளிதில் உறிஞ்சப்படும்படி மிக நுண்ணியதாக்கப்பட்ட வடிவம். சாதாரணக் குர்க்குமினைக் குடல் சுவரும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். ரத்தத்தில் சேர்வது அற்பம். அந்த ஆய்விலும் பங்கேற்றவர்கள் 40 பேர்தான். அல்சைமர் நோயாளிகளுக்கு நாளுக்கு 4 கிராம்வரை கொடுத்த முந்தைய இரண்டு சிறு ஆய்வுகளில் பலன் இல்லை.

மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் பல மடங்கு கூடும் என்பது உண்மை. 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த 1998-ம் ஆண்டு ஆய்வுதான் எல்லா விளம்பரத்துக்கும் மூலம். ஆனால் பைப்பரின் எந்தக் கதவைத் திறந்து குர்க்குமினை உள்ளே விடுகிறதோ, அதே கதவு வழியாக மற்ற மருந்துகளும் கூடுதலாக நுழையும். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. கூடுதலாக உறிஞ்சப்படும்படி செய்த குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இத்தாலியில் 2019-ல் கூட்டமாகப் பதிவானார்கள், அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் சிறுநீர் அடர்ந்த நிறமாவது, கண் மஞ்சளாவது, பசி போவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சமையலில் சேர்க்கும் மஞ்சளால் இந்த ஆபத்து இல்லை. மஞ்சள் இயற்கையானது, ஆகவே மாத்திரையும் பாதுகாப்பானது என்ற வாதம்தான் தவறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கின்கோ இலைச் சாறு: 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்குத் தினமும் இரண்டு முறை 120 மில்லிகிராம், ஏறத்தாழ 6 ஆண்டுகள். டிமென்ஷியா குறையவில்லை, 2008-லேயே முடிவு வந்துவிட்டது. இன்றும் நினைவாற்றல் மாத்திரைகளில் அதைச் சேர்க்கிறார்கள், ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் வேறு. வைட்டமின் ஈ 2,000 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்சைமர் நோயாளிகளின் அன்றாடச் செயல்பாடு தளர்வதை ஓரளவு தாமதப்படுத்தியது, நினைவாற்றலை அல்ல. நோயில்லாத ஆண்கள் தினமும் 400 ஐ.யூ. எடுத்ததில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. திராட்சையிலுள்ள ரெஸ்வெராட்ராலை நாளுக்கு 2 கிராம்வரை கொடுத்த அல்சைமர் ஆய்வில் மூளைச் சுருக்கம் வெற்று மாத்திரைப் பிரிவைவிட அதிகமாக இருந்தது. சிவப்பு ஒயினில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் அது உண்டு என்பதால், ஒயினை மூளைக்கு மருந்து என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

உணவில் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டால், கீரைக்குத்தான் முதலிடம் தருவோம். சிகாகோ பகுதியில் சராசரி 81 வயதான 960 பேரை ஏறத்தாழ 5 ஆண்டு கவனித்து 2018-ல் வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 1.3 பங்கு கீரை சாப்பிட்டவர்களின் அறிவுத்திறன் தளரும் வேகம், கீரையை அரிதாகவே சாப்பிட்டவர்கள் அல்லது தொடாதவர்களைவிட 11 வயது இளையவர்களுக்குச் சமமாக இருந்தது. ஒரு பங்கு என்பது சமைத்த கீரை அரைக் கோப்பை. இது கவனிப்பு ஆய்வு. கீரை சாப்பிடுகிறவர்கள் மற்ற வகையிலும் உடலைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் ஃபோலேட், லூட்டின், வைட்டமின் கே, நைட்ரேட் எல்லாம் ஒரே இலையில் கிடைக்கும்போது தனித்தனி மாத்திரை தேடுவானேன்? சமைக்கும் விதம் முக்கியம். நிறைய நீரில் கொதிக்கவிட்டு நீரைக் கொட்டினால் ஃபோலேட்டில் ஏறத்தாழ பாதி போய்விடும். ஆவியிலோ கொஞ்ச நீரிலோ சில நிமிடம் மட்டும் வேகவிட்டு, நீர் மிஞ்சினால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லூட்டினும் வைட்டமின் கேயும் கொழுப்பில் கரைபவை. ஒரு தேக்கரண்டி எண்ணெயாவது அந்த வேளை உணவில் இருக்க வேண்டும். எண்ணெயே வேண்டாம் என்று பத்தியம் இருப்பவர்களின் உடலில் அவை சேராது. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் குவித்து, மறுவாரம் நிறுத்துவதுதான் கூடாது. தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

கீரை, பெர்ரி, கொட்டைகள், பயறு, மீன் ஆகியவற்றை மையமாக வைத்த மைண்ட் உணவு முறையை 604 பேரிடம் 3 ஆண்டு சோதித்து 2023-ல் வெளியிட்டபோது, ஒப்பிடுவதற்காக வைத்த எதிர்ப்பிரிவோடு உறுதியான வித்தியாசம் இல்லை. எதிர்ப்பிரிவினரும் உணவு ஆலோசனை பெற்று எடை குறைத்தார்கள், இரு பிரிவினரின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஸ்பெயினில் மத்திய தரைக்கடல் உணவோடு தினமும் 30 கிராம் கொட்டைகள் அல்லது வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் கொடுத்த ஆய்விலோ பலன் தெரிந்தது. ஒரு முடிவை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கினால் வாசகருக்கு உண்மை போய்ச் சேராது.

மெலிந்துபோகும் முதியவருக்கு இந்த உணவுக் கட்டுப்பாடுகள் எதையும் திணிக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது டிமென்ஷியாவின் முன்னறிகுறியாகவே இருக்கலாம். அவருக்கு முதலில் வேண்டியது போதிய உணவும், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவு மாறும்.

மூளைக்குச் சத்து தேடுகிறவர் ரத்த அழுத்தத்தை மறந்துவிடுவதும் நடக்கிறது. மேல் அளவை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்ற பெரிய அமெரிக்க ஆய்வில் லேசான அறிவுத் தளர்ச்சி 19 சதவீதம் குறைந்தது. எந்த நினைவாற்றல் மாத்திரையும் இவ்வளவு பெரிய ஆய்வில் இப்படியொரு முடிவைக் காட்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, இப்படிப்பட்ட செய்திகளைத் தாங்கள் வெளியிட வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. வாசகர்களுக்கு இதில் ஆர்வம் இருப்பது நியாயமே. அளவு, ஆட்களின் எண்ணிக்கையும் வயதும், காலம், அளந்தது எது, பணம் கொடுத்தது யார் ஆகியவற்றைச் செய்தியின் முதல் இரண்டு பத்திகளுக்குள் போடச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் அல்லது அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், விலங்கு உணவைத் தவிர்ப்பவர்கள், 60 வயதைக் கடந்து மறதியோ பாத மதமதப்போ உள்ளவர்கள் பி12 பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு கட்டத்துக்குள் தனியாக அச்சிடுங்கள். ஆய்வு எலிகளில் நடந்திருந்தால் "எலிகளில்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்